விடுதிச் சட்டம்

சங்கீதக் கல்லூரிப் படியேறி, அலுவலக மேசை முன் வந்து நின்றார் கொல்லங்கோட்டு ஆறுச்சாமி.

"ஏனுங்க, எம்பட புள்ளைக்கு விடுதியில எடம் வேணுமுங்க."

கல்பாத்திக்காரக் குமாஸ்தா அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"போன வருஷம் பாட்டுப் பரீட்சையில முதலா வந்தாளே, அவளுக்கா? இடமில்லேன்னதும், கல்யாணம் பண்ணிக் குடுத்துடறேன்னு கோவிச்சுண்டு போனீரே!"

"அடுத்த முகூர்த்தத்துலயே பண்ணிட்டனுங்க."

"அப்போ ஆம்படையானோட இருக்கட்டும். நம்ம விடுதி விதவைப் பெண்களுக்கு மட்டும்தான். அந்தச் சட்டம் இன்னும் மாறலை."

ஆறுச்சாமி வாசல் பக்கம் திரும்பினார்.

"உள்ள வா, அம்மிணி."

கதவோரம் நின்றிருந்த நாச்சம்மாள் தலைகுனிந்து உள்ளே வந்தாள். வெள்ளைச் சேலை அவள் உடம்புக்கு இன்னும் படியவில்லை.

குமாஸ்தா எழுந்தே விட்டார்.

"சட்டம் மாற வேண்டாமுங்க" என்றார் ஆறுச்சாமி. "இப்ப எடம் குடுப்பீங்கல்ல?"