கண்ட்ரோல் குரூப்

"நாக்கை நீட்டுங்க" என்றார் டாக்டர்.

முந்தின நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வேலைக்கு வந்திருந்த காசாளரம்மா, ரசீதுக் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நாக்கை நீட்டினார். டாக்டர் உற்றுப் பார்த்து, "ம்ம்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. அவர் அந்தப் பார்சல் கம்பெனியில் பில் போடும் குமாஸ்தா.

டாக்டர் பட்டம் ஆபீஸ் கொடுத்தது. நோய் எப்படிப் பரவுகிறது, அதை எப்படி ஆராய்வது என்று சொல்லித்தரும் நான்கு வார இணையப் படிப்பை அவர் முடித்திருந்தார். இலவசப் படிப்பு. சான்றிதழைக் கலரில் அச்சடித்துச் சட்டம் போட்டு மேசைமேல் வைத்தார். அங்கே இருந்த குடும்பப் படம் இழுப்பறைக்குள் போயிற்று.

படித்த நேரம், நோயும் வந்தது. கிடங்கு மேற்பார்வையாளர், டைப்பிஸ்ட், கணக்கர் என்று ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு நாள்தான் படுக்கை. மறுநாள் கல்லுக்குண்டாட்டம் வந்து நிற்பார்கள்.

இத்தனை பேர் ஏன் லீவு என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. மேலாளர் டாக்டரைக் கூப்பிட்டு, "காரணத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. துணை மேலாளர் நாற்காலி சும்மாதான் கிடக்கு" என்றார். வருஷக்கணக்காக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பில் போட்ட மனுஷன், அன்றிலிருந்து பில் போடுவதை விட்டார்.

"முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க?"

"வீட்டுச் சாப்பாடு."

"யாரையாவது நெருங்கித் தொட்டீங்களா?"

"என்ன கேள்விங்க இது?" என்றார் காசாளரம்மா. பக்கத்து மேசைக் கணக்கர் சிரிப்பை இருமலாக மாற்றினார். டாக்டர் அந்த இருமலையும் குறித்துக்கொண்டார்.

"வழக்கமில்லாத காரியம் ஏதாவது?"

"ஒண்ணுமில்லையே. அழகு நிலையம் போய்ப் புருவம் திருத்திக்கிட்டேன்."

டாக்டருக்குச் சிலிர்த்தது. மேற்பார்வையாளர் காய்ச்சலுக்கு முந்தின நாள் முடி வெட்டியிருந்தார். கணக்கர் மீசைக்குச் சாயம் அடித்திருந்தார். நோயின் வேர் கத்தரிக்கோலில் இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை சலூன் சலூனாக ஏறி இறங்கினார். சீப்பை முகர்ந்தார், துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முடி வெட்டணுமா, இல்லை துண்டு வேணுமா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டே விட்டார். கடைசியில் பார்த்தால், ஒருவர் போன கடைக்கு இன்னொருவர் போகவில்லை.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று படிப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மனசில்லாமல் சலூனை விடுதலை செய்தார். பிறகு, எதிர்ச்சாரியில் புதிதாக வரவிருந்த இன்னொரு பார்சல் கம்பெனிக் கட்டடத்தின் தூசியைச் சந்தேகித்தார். அதே தூசியைத் தானும்தான் தின்கிறோம் என்று தோன்றியதும் அதையும் விட்டார்.

"நோயாளிங்களை மட்டும் பார்த்தா பத்தாது" என்று அன்று சாயங்காலம் மனைவியிடம் விளக்கினார். "நோய் வராதவங்களோட ஒப்பிடணும். அதுக்குப் பேரு கண்ட்ரோல் குரூப்."

"உங்க ஆபீஸ்ல வராதவங்க யாரு?"

"மேலாளர். அப்புறம் நான்."

"பிஸ்கட் டப்பாவைக் கண்ணுல காட்டினா ரெண்டு நிமிஷம் தாங்காது. நீங்க கண்ட்ரோல் குரூப்பாக்கும்!"

அறிவியலுக்கு ஏளனம் புதிதல்ல என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். மற்றவர்களிடம் இல்லாதது தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தார். பதில் பக்கத்திலேயே இருந்தது. பிளாஸ்கில் வெந்நீர்! மேலாளருக்குத் தனியாகப் பாட்டில் தண்ணீர். மிச்சப் பேருக்கெல்லாம் மூலையில் இருக்கும் பொதுக் கேன். இனி என்ன, நாற்காலியைத் துடைத்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் மேலாளர் அறையில் டாக்டர் தண்ணீர்க் கேனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். மேலாளர் தலையாட்டிக்கொண்டிருந்தாரே தவிர, கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. இடையில் கீழே விழுந்த பேனாவை எடுக்க அவர் குனிந்தார்.

பிடரியில் புதுசாக மழித்த கோடு. காதோரம் பவுடர். காதில் புதராக வளர்ந்திருந்த ரோமத்தைக் காணோம்.

கேனை அந்தரத்தில் விட்டுவிட்டு டாக்டர் எழுந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வரும்."

மேலாளர் முகம் வெளுத்தது. விருட்டென்று போய்க் கதவைச் சாத்தினார்.

"யாருய்யா சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். டேட்டா சொல்லுது."

மேலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஆக, கண்டுபிடிச்சிட்டீங்க. சரி, தலைமை அலுவலகத்துக்கு மட்டும் இப்ப எழுதிடாதீங்க. துணை மேலாளர் என்ன, அடுத்த மாசத்துல இருந்து மேலாளரே நீங்கதான்."

டாக்டர் கைகூப்பினார். "ஒரு ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதையா சார்?"

"ஆராய்ச்சியாவது ஒண்ணாவது! எதிர்க் கம்பெனிக்காரன் இன்டர்வியூவுக்குக் கூப்பிடாத ஒரே ஆள் நீங்கதானேய்யா!"