வாய்மொழித் தேர்வு

முதல் அடியிலேயே வாத்தியாரின் மூக்கு உடைந்தது.

துராத் கரும்பலகையில் போய் மோதி அப்படியே சரிந்தான். ஒடிசலான ஆள். பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவந்துவிட்டது.

அசனாலி அவனைக் கீழே கிடக்கவும் விடவில்லை. பாயும் குதிரையிலிருந்து குனிந்து, தரையில் கிடக்கும் முழு ஆட்டை ஒற்றைக் கையால் வாரித் தூக்குகிற விளையாட்டில், நரின் மலை வட்டாரமே பார்த்து அஞ்சும் கை அது. அந்தக் கை துராத்தின் காலரைப் பற்றி மேலே தூக்கியது.

"என் பொண்ணையாடா ஃபெயிலாக்குன?"

துராத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அடுத்த அடி விழுந்தது. முன்வரிசை பெஞ்சு அவனோடு சேர்ந்து கவிழ்ந்தது.

அடிக்க அடிக்க ஆத்திரம் கூடியதே தவிர அடங்கவில்லை. மகள் கனிஷாயின் படிப்புக்கு அசனாலி எதில் குறை வைத்தான்? கொழுத்த கடா ஒன்றை விற்று மேசையும் விளக்கும் வாங்கிப்போட்டான். கோடையில் மந்தையோடு அவளை மலைக்கு அனுப்பவில்லை. அவள் செய்துகொண்டிருந்த கறவை வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டான். ஆடு அறுத்தால் ஈரல் முதலில் அவள் தட்டுக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரன் பாட்டைச் சத்தமாக வைத்தான் என்று அவனுடைய ரேடியோவைத் தூக்கி ஓடையில் வீசினான். பொண்ணை மந்திரியாக்கப் போறியா என்று கூட்டாளிகள் சீண்டியபோதுகூட, ஆமாம் என்று சிரித்தான்.

அவன் வீட்டில் யாரும் ஒன்பதாவது முடித்ததில்லை. கனிஷாய் முடிப்பாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

கணக்கு வாய்மொழித் தேர்வில் அவள் தவறிவிட்டாள் என்று காலையில் கடைவாசலில் வைத்து யாரோ சொன்னார்கள். குதிரையை நேரே பள்ளிக்கூடத்துக்கு விட்டான்.

துராத் தரையில் கிடந்தபடியே திக்கித் திக்கிச் சொன்னான். பலகையில் கணக்கைப் போடச் சொன்னானாம், அவள் போடவில்லையாம். சுலபமான கேள்வியாக மாற்றி மாற்றிக் கேட்டானாம், அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். வாயே திறக்கவில்லையாம்.

பொய் என்று சொல்லி அசனாலி விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது.

அப்போதுதான் கனிஷாய் ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் அம்மா சைரா, ரொட்டி மாவு அப்பிய கைகளோடு.

மகள் அப்பாவின் கையைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"சாரை விட்ருங்கப்பா. எனக்கு எல்லாம் தெரியும். நான்தான் சொல்லல."

அசனாலிக்கு விளங்கவில்லை. தெரியும் என்றால் போட்டுக் காட்டு என்று அவளைப் பலகைப் பக்கம் பிடித்துத் தள்ளினான்.

தடுமாறி நின்றவள் சுண்ணக்கட்டியை எடுத்தாள். பலகையில் வாத்தியாரின் ரத்தம் தெறித்திருந்தது. அதை விட்டுத் தள்ளி ஒரு முக்கோணம் வரைந்தாள். பக்கத்தில் மளமளவென்று எழுதினாள். ஓரிடத்திலும் அவள் நின்று யோசிக்கவில்லை.

அசனாலிக்கு அதில் ஒரு வரியும் புரியவில்லை. வாத்தியாரைப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு, துராத் சரி என்று தலையாட்டினான்.

ஒரு கணம் அசனாலிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவன் குரல் நன்றாக இறங்கியிருந்தது.

கனிஷாய் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"பாஸாயிட்டா ஆகஸ்ட்ல கட்டிக்குடுத்துடுவீங்க. ஃபெயிலானா இன்னொரு வருஷம் பள்ளிக்கூடம் வரலாம்ல."

ஏப்ரலில் மாப்பிள்ளையின் தாய் வந்து, கனிஷாயின் காதில் கம்மல் போட்டு நிச்சயம் செய்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்பதாவது தேறிய பெண்தான் வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் சொன்ன நிபந்தனை. நல்ல குடும்பம். அசனாலி அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

அவன் பூட்ஸுக்குள்ளிருந்து சவுக்கை உருவினான்.

அடி மகள்மேல் விழவில்லை. சைரா குறுக்கே பாய்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை தோல் பிளந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

இந்த யோசனையை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அசனாலி மகளைப் பார்த்து உறுமினான். கனிஷாயின் பார்வை அம்மா பக்கம் போய், சட்டென்று தரைக்கு இறங்கியது. வாத்தியாரா என்று கேட்டு, தரையில் கிடந்தவன் பக்கம் திரும்பிச் சவுக்கை மறுபடி ஓங்கினான்.

சைரா பலகைக்குப் போனாள். தலைத்துணியை அவிழ்த்தாள். முகத்து ரத்தத்தைத் துடைக்கத்தான் அவிழ்க்கிறாள் என்று அவன் நினைத்தான்.

அவள் மகள் போட்ட கணக்கைத் துடைத்தாள். முக்கோணத்தையும், அதன் பக்கத்தில் இருந்ததையும், ஒரு வரி மிச்சம் வைக்காமல்.

பிறகு துராத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க போட்ட மார்க்கு அப்படியே இருக்கட்டும் சார்."