ஒன்ஸ்மோர் கேட்ட இன்ஸ்பெக்டர்

கண்டோன்மென்ட் நாடகக் கொட்டகையின் தகரக் கூரையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் காய்கிறது. மேடையோரத்தில் ரெமிஜியஸ், காலால் மிதித்துக் காற்றடித்து வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டியின் முன்னால் வியர்த்துக்கொண்டிருக்கிறார். முன்வரிசை சோபாவில் இன்ஸ்பெக்டர் வெற்றிலை மென்றபடி சாய்ந்திருக்கிறார். வெள்ளைக்கார சர்க்காரின் உப்பு வரிக்கு எதிரானதென்று பாட்டுப் பட்டியலில் அவர் சிவப்புப் பென்சிலால் அடித்த பாட்டைப் பாடியே தீருவேன் என்று நடிகை கோகிலாம்பாள் சொல்லிவிட்டாள். “அவ ஆரம்பிச்சா பொட்டியால அமுக்கிடு ரெமி. ஒரு வார்த்தை வெளிய கேட்டாலும் கொட்டாய்க்கு சீல்தான்” என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து மேனேஜர் முனிரத்தினம் மறுபடியும் முணுமுணுக்கிறார். கோகிலாம்பாள் முன்னே வந்து, “உப்புக்கு எதுக்கய்யா பூட்டு” என்று எடுக்கிறாள். ரெமிஜியஸ் பத்து விரலையும் ஊன்றி அழுத்துகிறார். பெட்டி அலறுகிறது. அவள் தொண்டை நரம்பு புடைப்பது தெரிகிறது, சொல் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். “சபாஷ் பொட்டிக்காரரே! ஒன்ஸ்மோர்! இன்னொரு வாட்டி அமுக்கு!” அவர் துப்பிய சாறு படிக்கத்துக்கு வெளியே விழுந்து வழிகிறது. ரெமிஜியஸ் அதிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். தன் விரல்களைப் பார்க்க அதைவிட அருவருப்பாக இருக்கிறது. ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்பப் பாடியாக வேண்டும் என்பது மேடை வழக்கம். கோகிலாம்பாள் ரெமிஜியஸ் பக்கம் திரும்பாமலே முதல் அடியைத் தொடங்குகிறாள். அவருடைய விரல்கள் கட்டைகளின் மேல் முன்போலவே ஓடுகின்றன. மேனேஜர் பார்க்கும்படி தலைகூட ஆடுகிறது. கால் மட்டும் மிதிபலகையை விட்டு இறங்கித் தரையில் கிடக்கிறது. காற்றில்லாத பெட்டி ஊமையாக, உப்பும் பூட்டும் கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கின்றன.