சிவப்புச் சீட்டு வரிசை

பல் தேய்க்கிறேன், டீ போடுகிறேன், பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து ஏறுகிறேன். நான் வரலாற்று ஆய்வாளன். ஊருணிக் கல்வெட்டுகளைப் படிக்கிறவன். ஆனால் முதலில் தாவரவியல் துறையின் செடிக்கொட்டகைக்குப் போகிறேன். இறந்துபோன என் மனைவி ஹேமாவதி வறட்சி ஆய்வுக்காக வளர்த்த உளுந்துச் செடிகள் அங்கே இருக்கின்றன. பிளாஸ்டிக் கூரை வழியாக வெயில் மங்கலாக இறங்குகிறது. பக்கத்து ஆய்வகத்தில் பேட்டரி சோதிக்கும் எந்திரம் இரைகிறது. தொட்டிகளில் பச்சைச் சீட்டு ஒட்டிய வரிசைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கிறேன். சிவப்புச் சீட்டு வரிசை தலை தொங்கி நிற்கிறது. என் கையிலிருக்கும் பூவாளி தானாக அதன் பக்கம் சாய்கிறது. “அண்ணே, அது காயணும்! ஊத்துனீகன்னா அவ செஞ்ச வேல அம்புட்டும் போச்சு. கல்வெட்டுக்காரவுககிட்ட வாளியக் குடுத்தேன் பாருங்க!” என்கிறாள், ஆய்வைத் தொடரும் ஹேமாவின் தோழி சண்முகப்ரியா. வாளியைக் கீழே வைக்கிறேன். மருத்துவமனைக் கட்டிலில் ஹேமா கடைசியாகச் சொன்னதும் அதைத்தான்: “வாடுதேன்னு பாவம் பாத்து ஊத்திராதீக.”