மாலைக்கு ஓர் ஆணி

கறுப்புச் சட்டம் மட்டும் வேண்டாம் என்பதில் பிரேமாவதி உறுதியாக இருந்தாள்.

மற்றதெல்லாம் ஒரே குழப்பம். பிரேம் கடை ஹனீபா பாய் மேசைமேல் மாதிரிகளைப் பரப்பிக்கொண்டே போனார். தங்க நிறம், தேக்கு நிறம், கல்யாண மேடை நாற்காலிபோல் வளைவும் பூவுமாய் ஒன்று. கூலிம் டவுனில் பாதி வீட்டுச் சாமி படங்கள் அவர் கைபட்டவை. போய்ச் சேர்ந்தவர்களின் படங்களும்தான்.

நடுவில் மகன் திவாகரனின் டிப்ளோமா கிடந்தது. அதை மேடையேறி வாங்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று எவனோ சொன்னதை நம்பி, பாலிங் பக்கமாகப் போய் எல்லை தாண்டிவிட்டான்.

ஒரே ஒருமுறை அழுதுகொண்டு பேசினான். எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்களாம். நாள் முழுக்க ஏதோ போன் பேசும் வேலையாம்.

பிறகு அங்கிருந்து தப்பி வந்த ஒருவன் வீடு தேடி வந்து, அங்கே பிடித்த தீயில் திவாகரன் போய்விட்டான் என்றான்.

உடல் வரவில்லை. தர்ப்பைப் புல்லில் ஆள்போல் ஒன்றைக் கட்டி எரித்து, காரியத்தை முடித்தார்கள். புல் எரிய எவ்வளவு நேரம் ஆகும்? அவள் முழுசாக அழுது முடிப்பதற்குள் சாம்பலாகிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு மனசே ஆறவில்லை.

இந்தப் பக்கம் மகன் படம், அந்தப் பக்கம் டிப்ளோமா, இரண்டும் ஒரே பிரேமில். புருஷன் சுப்பிரமணியம் சொல்லி அனுப்பியது அவ்வளவுதான். தேக்கு நிறத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பாய் லேசாகச் செருமினார்.

"அக்கா, மேல மாலைக்கு ஒரு ஆணி வச்சிடவா? கீழ சின்ன லைட்டுக்கு ஓட்டையும் போட்டுர்றேன்லா."

சரி என்று சொல்ல வாயெடுத்தாள். போன் அடித்தது.

தெரியாத எண். மலாய் மொழியில், மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் ஆபீஸ் குரல். பேங்க்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டை யாரோ பயன்படுத்துகிறார்கள், உடனே அடையாள அட்டையின் ஐசி நம்பரைச் சொல்லுங்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னும் பல குரல்கள் அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தன, பஜனையில் கூட்டமாய்ப் பாடுவதுபோல்.

அவள் பதறிப்போய்க் கைப்பைக்குள் ஐசியைத் துழாவினாள்.

"புவான் பிரேமாவதி..." என்று பெயரை வாசித்த குரல் அப்படியே நின்றது.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் மெதுவாக, தமிழில்:

"குடுக்காதம்மா."

லைன் அறுந்துவிட்டது.

திரும்ப அழைத்தாள். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. எரித்த புல்லின் வாடை எங்கிருந்தோ மூக்கில் ஏறியது.

பாய் டிரில்லைக் கையில் எடுத்துவிட்டார். அவள் மகன் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"ஆணி வேணாம் பாய். படத்தையும் எடுத்துருங்க. டிப்ளோமாவுக்கு மட்டும் போடுங்க."

போனை அவள் இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை.