அகஸ்டினா வீட்டு அடுப்பு

போர் நடந்தது வளைகுடாவில். அடுப்பு அணைந்தது லாஸ்பேட்டையில். நாற்பது நாளைக்கு ஒரு சிலிண்டர்தான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வாரமே மாடிவீட்டுக் கலையரசி அரிசிப் பானையோடு கீழே இறங்கி வந்தாள்.

"காஸ் தீந்துபோச்சுக்கா. உங்க அடுப்புல கொஞ்சம் சமைச்சிக்கட்டுமா?"

"இதைக் கேக்கணுமா? எனக்கு ஒருத்திக்கு எவ்ளோ ஆவப்போவுது?" என்றாள் அகஸ்டினா.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். குழம்பு கொதிக்கும்வரை மாமியாரைத் திட்டித் தீர்த்தாள், சீரியல் கதை சொன்னாள். பிரான்சில் இருக்கும் அகஸ்டினாவின் மகன் ஒரு மாதம் முழுக்கப் போனில் பேசுவதைக் கலையரசி ஒரே காலையில் பேசிவிட்டுப் போனாள்.

இன்று சிலிண்டர் போட வந்த குமாரவேல், காலி சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஒத்தை ஆளுக்கு அதுக்குள்ள தீந்துடுச்சாம்மா?"

"மாடியில கலைக்கும் இதுலதான் சமையல். பாவம், அவகிட்ட காஸ் இல்ல."

குமாரவேலுக்கு முகம் மாறிவிட்டது. "நல்லா ஏமாத்துறாங்கம்மா உங்கள! அவங்களுக்குப் போட்டு பத்து நாள் ஆச்சு. நான்தான் மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். இருங்க, நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

படியேறப் போனவனின் கையை அகஸ்டினா எட்டிப் பிடித்தாள்.

"வேணாம்பா. நீ படியில தூக்கிட்டுப் போன சத்தம் அன்னிக்கே கேட்டுச்சு. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, நாளையிலேருந்து கீழ வரமாட்டா."