லண்டன் பூசை

"இஞ்சாருங்கோ, உந்த லண்டன் பூசையை நிப்பாட்டிப்போட்டுக் குளிச்சு வெளிக்கிடுங்கோ. எங்கட பூசைக்கு ரெண்டு பஸ் மாறவேணும்."

யோகமலர் குசினியில் இருந்து குரல் கொடுத்தாள். இக்னேசியஸ் அசையவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கனடாவின் ஸ்காபரோவில் பாதிச் சனம் போர்வைக்குள் கிடக்கும். இந்த மனிசன் மட்டும் சாறத்தோடு, தலையை மாத்திரம் படிய இழுத்துவிட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் ஐபாட்டை நிமிர்த்தி வைத்து லண்டன் தேவாலயம் ஒன்றில் நடக்கிற பன்னிரண்டு மணிப் பூசையை நேரலையில் பார்ப்பார். ஒன்றரை வருடமாக இதே கூத்துத்தான்.

"அப்பிடி என்னத்தைக் கண்டியள் அங்க? பூசை வைக்கிற சுவாமிக்கு எண்பது வயசு. அவர் கதைக்கிற இங்கிலீசில உங்களுக்கு அரைவாசிதான் விளங்கும்."

"பூசைக்கு என்ன பாசை? சும்மா இரு."

"எங்கயிருந்து பிடிச்சனியள் உதை?"

"நான் பிடிக்கேல்லை. ஒருநாள் ஐபாட்டைத் திறக்கத் தானா வந்து நிண்டது. ஆண்டவர் காட்டினது."

"ஓமோம், ஆண்டவருக்கு வேற வேலையில்லை," என்றபடி யோகமலர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

திரையில் பெரிய கோயில். நானூறு பேர் இருக்கக்கூடிய இடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அவர்களும் பின்னுக்குத் தள்ளி, ஆளுக்கொரு மூலையில். முன் வாங்குகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

"பார், லண்டன்காரற்ர பக்தியைப் பார்! அங்க ஒரு கோயிலை வித்து ஜிம் ஆக்கிப்போட்டாங்களாம். ஞாயிற்றுக்கிழமை எண்டால் கடைக்குப் போகுதுகள். கலியாணம் எண்ட சாமானே இல்லை. ரெண்டு பேருக்குப் பிடிச்சால் ஒரு வீடு, ஒரு நாய். முடிஞ்சுது!"

பேச்சு எங்கே போய் நிற்கும் என்று யோகமலருக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகள் கரோலின் லண்டனுக்குப் படிக்கப் போனவள். அங்கேயே வேலை எடுத்து, ஒரு வெள்ளைக்காரப் பொடியனோடு, கலியாணம் கட்டாமலே ஒரே வீட்டில் இருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட நாளில் இருந்து, நாலு வருடமாக, இக்னேசியஸ் மகளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. யோகமலர் பேசுவாள். தொலைபேசியை அவள் எடுத்ததும் இவர் குப்பை கொட்டக் கீழே போய்விடுவார். குப்பை இல்லாத நாளிலும் போவார்.

"இண்டைக்குப் பிள்ளைக்கு முப்பதாவது பிறந்தநாள். ஒருக்கா ஹலோ எண்டு சொல்லுங்கோவன்."

"கோயில்ல வந்து கட்டட்டும். பிறகு சொல்லுறன்."

"அந்தப் பொடியனுக்குக் கோயில் குளத்தில நம்பிக்கை இல்லையாம். அவள் என்ன செய்ய?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நான் கண்ணை மூடுறதுக்கிடையில நாங்கள் மூண்டு பேரும் ஒரு மேசையில இருந்து சோறு தின்னவேணும். அவ்வளவுதான் எனக்கு." யோகமலர் மேசையைத் துடைத்தாள். "நீங்களும்தான் நாலு வருசமா நன்மை எடுக்கேல்லை. எல்லாரும் சுவாமியிட்ட அப்பம் வாங்க எழும்பிப் போகேக்க நீங்கள் மட்டும் வாங்கில இருக்கிறியள். கேட்டால் முழங்கால் நோ எண்டுறியள்."

இக்னேசியஸ் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"பெத்த பிள்ளையில கோவத்தை வைச்சுக்கொண்டு எந்த வாயால நன்மை வாங்கிறது?"

"அப்ப கோவத்தை விடுங்கோ."

"விட ஏலாமத்தானே இருக்கிறன்!"

ஐபாட்டுக்குள் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல், விடாமல் தொடர்ந்தது.

"உந்தச் சத்தத்தைக் குறையுங்கோ. தலை இடிக்குது," என்றாள் யோகமலர்.

இக்னேசியஸ் சத்தத்தைக் கூட்டினார்.

அங்கே நன்மை நேரம் வந்துவிட்டது. இருந்த இருபது பேரும் ஒவ்வொருவராக எழும்பிப் பீடத்துக்குப் போனார்கள். இக்னேசியஸ் கண்ணாடியைக் கழற்றிச் சாறத்தில் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டு, மூக்கு முட்டும் அளவுக்குத் திரைக்குக் கிட்டப் போனார்.

"எழும்பேல்லை," என்றார் மெல்ல. "இருக்கிற இடத்திலயே முழந்தாளில நிக்குது."

"ஆர்?"

"ஒருத்தருமில்லை."

பூசை முடிந்து திரை கறுப்பானதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார். யோகமலர் காணாதவள் போலக் கோப்பையைக் கழுவப் போனாள்.

அரைமணி நேரம் கழித்து இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். இக்னேசியஸ் சப்பாத்து நூலைக் கட்டியபடி, நிமிராமல் கேட்டார்.

"இண்டைக்கு அவளோட கதைப்பியே?"

"ஓம். பிறந்தநாளெல்லே."

"கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுக் குடிக்கச் சொல்லு. மூண்டு கிழமையா இருமுறாள்."

சொன்னவர் விறுவிறுவென்று லிஃப்ட் பக்கம் போய்விட்டார். நாலு வருடமாகப் பேசாத மகளின் இருமல் இவருக்கு எப்படித் தெரியும் என்று யோகமலர் கேட்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, கைபேசியை எடுத்து அவசர அவசரமாக எழுதினாள்:

"பிறந்தநாள் வாழ்த்து பிள்ளை. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கட்டாம், அப்பா சொன்னவர். வாற ஞாயிறு பூசையில இன்னும் ரெண்டு வாங்கு முன்னுக்கு வந்து கமராவுக்கு நேர இரு, அவற்ற கண்ணாடி பழசாப் போச்சு."